காற்றாடி சுற்றிய குளத்தில் மூச்சுத் திணறிய மீன்கள்

"டீச்சர் இருக்காங்களா?" என்று கேட்ட வேலாயி, பதில் வருமுன்னே அழுதுவிட்டாள். வேனில் ஸ்ட்ராபெரிப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த புனிதன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மனைவியைக் கூப்பிட்டான்.

"எம்புருசன் களைக்கொல்லி டின்ன தேயிலைத் தோட்டத்துக் குளத்துல கழுவி, மீனையெல்லாம் கொன்னுட்டாருன்னு பேரேடு எழுதற கிராணி சொல்லிட்டாரு. நாலு நாளா காலையில வேலைக்கு ஆள் எடுக்கற பெரட்டுல அவரு பேரக் கூப்பிடறதில்ல. மாசக் கடைசியில தோட்டம் குடுத்த லயத்து வீட்டையும் காலி பண்ணணுமாம். ரெண்டு பிள்ளைங்களோட நான் எங்க போவேன்?"

"அந்தக் கிராணிய ரெண்டு தட்டு தட்டுனா தெரியும்லா!" என்று குதித்தான் புனிதன்.

மலைநகரமான தானா ராத்தாவின் பள்ளியில் உயிரியல் கற்பிக்கும் உமாதேவி குதிக்கிற ஆளில்லை. "மொதல்ல குளத்தப் பாக்கலாங்க. வண்டிய எடுங்க" என்றாள்.

குளக்கரையில் கிராணி குகனேஸ்வரன் அவர்களை எதிர்கொண்டார். "தெமர்லோ ஆத்துல மீன் பிடிச்சு வளந்தவன் நான். மீனப் பத்தி எனக்கே பாடமா, டீச்சர்? அன்னிக்கு தண்ணிக்குக் காத்து ஊட்டுற காத்தாடி நிக்காம ஓடுது, மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது. மருந்து இல்லாம வேற என்ன?"

உமாதேவி கரையைச் சுற்றி நடந்தாள். குளத்தில் ஆகாயத்தாமரை பச்சைப்பசேலென்று மிதந்தது. தண்ணீர் வெளியேறும் வாய்க்காலின் குறுக்கே ஒரு வலைத்துண்டு கட்டப்பட்டிருந்தது. பக்கத்துக் கல்லில் நசுங்கிய வேர்நார் வெளுத்து ஒட்டியிருந்தது. அதைத் தாளில் மடித்துக்கொண்டாள். புனிதனுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை, ஆனால் மனைவி உதட்டைக் கடித்த விதம் புரிந்தது. இனி அவள் விடமாட்டாள்.

மறுநாள் காலை, பெயர் கூப்பிடும் பெரட்டில் மேனேஜர் தங்கராஜு துரை, கிராணி, வேலாயி உட்படக் கொழுந்து பறிப்பவர்கள் எல்லாரும் நின்றார்கள். வேலாயியின் கணவர் ராமையா ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"களைக்கொல்லின்னா நாலு நாள்ல ஆகாயத்தாமரை கருக ஆரம்பிச்சிருக்கும். ஒரு இலைகூட வாடல" என்றாள் உமாதேவி. "காத்தாடி ஓடினதால தண்ணியில காத்துக்கும் பஞ்சமில்ல. அப்புறம் ஏன் மீன் மூச்சுக்குத் தவிச்சுது?"

"ஏன் உமா?" என்றான் புனிதன், பொறுக்கமாட்டாமல்.

"நீங்கல்லாம் கொழுந்து மூட்டைய வரிசையா நின்னு லோரிக்குக் கைமாத்தி விடுவீங்கல்ல? உடம்புல ஒவ்வொரு செல்லுலயும் எலக்ட்ரான் அப்படித்தான் கைமாறிப் போவுது. கடைசியா வாங்கிக்கிறது ஆக்சிஜன். அதுலதான் உயிருக்குத் தேவையான சக்தி பொறக்குது. வரிசையில மொத ஆள் கையக் கட்டிப்போட்டா, ஆக்சிஜன் பக்கத்துலயே இருந்தும் பிரயோசனமில்ல. அப்படிக் கட்டிப்போடறது ரோட்டினோன்ங்கிற விஷம். அது மீன் பிடிக்க ஆத்துல நசுக்கிப் போடற இந்தத் தூபா வேர்ல இருக்கு." தாளைப் பிரித்துக் காட்டினாள்.

"ராமையாகூட அந்த வேரப் போட்டிருக்கலாமே!" என்றார் கிராணி.

"போட்டவரு வலையும் கட்டியிருக்காரு. மயங்குன மீன் அடிச்சிட்டு வந்து வலையில விழும்னு. ஆத்துல விழும். குளத்துல தண்ணி நிக்குது, மீன் எப்படி வரும்? குளத்தையும் ஆறுன்னு நெனச்சவரு ஆத்துப் பழக்கம் உள்ளவரு. ராமையா மலையிலயே பொறந்தவரு."

எல்லார் பார்வையும் ஒரே பக்கம் திரும்பியது. கிராணியின் முகம் வெளிறிப்போனது.

"கறிக்கு நாலு மீன்தான் நெனச்சேன், துரை" என்றார் கிராணி. "ஆத்துல அந்தச் சாறு அரை மணியில கழுவிட்டுப் போயிரும். இங்க அப்படியே தங்கிருச்சு. நீங்க வளக்கற மீனாச்சேன்னு பயந்துட்டேன்."

"பயந்தா அடுத்தவன் குடும்பத்தத் தெருவுல விடுவியா?" என்று துரை சீறினார். "உன் விசாரணை அப்புறம். இப்ப பேரக் கூப்பிடு. மொதல்ல அவரு பேரு."

கிராணி நோட்டைத் திறந்தார். தன் கையாலேயே கோடு போட்டு அடித்திருந்த பெயரைத் தேடிப் படித்தார்.

"ராமையா."

ராமையா ஓரத்திலிருந்து நடந்து வந்து வரிசையில் தன் இடத்தில் நின்றார். பதில் சொல்ல வாய் திறந்தும் குரல் எழவில்லை.

"இருக்காரு!" என்று பின்னாலிருந்து கத்தினாள் வேலாயி.