திருமதி ஸ்லோகம் உள்ளே வரலாம்

அன்று பிற்பகல் அந்த அறையில் இருந்தவர்கள்: அருங்காட்சியகத்தின் இயக்குநர் கிரெக் லண்டீன். ஆவணக் காப்பாளர் லோயிஸ் ஹவ்லிக். முன்னொரு காலத்தில் ஜனாதிபதியின் அலுவலக வாசலில் வாசல்காப்பாளராக நின்ற கிழவர் ஆம்ப்ரோஸ் டில்மன். ஒலிப்பதிவுக்காரனின் வண்டி பனியில் மாட்டிக்கொண்டதால் அவன் வரவில்லை. ஆக, மூன்று பேர்.

மற்றவர்கள் பிறகு வந்தார்கள்.

தன் மண்ணில் பிறந்த ஒருவர் ஜனாதிபதி ஆனதைத் தவிர, நெப்ராஸ்காவின் ஹார்லன் க்ரீக்குக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அவர் செத்த பிறகு அவருடைய கடிதங்கள், படங்கள், ஒலிநாடாக்கள் எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து ஊர் எல்லையில் ஒரு காப்பகம் கட்டினார்கள். அந்த வருஷக் குளிர்காலத்தில் அதற்குள் ஒரு புது அறை எழும்பியிருந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவர் தலைநகரில் உட்கார்ந்து நாட்டை ஆண்ட அறையின் அச்சு அசல் நகல். வார இறுதியில் திறப்பு விழா. ஜனாதிபதியின் குடும்பம் முழுக்க வருகிறது.

அன்று விடுமுறை நாள் என்பதால் கட்டடத்தில் வேறு ஆள் இல்லை. புது வண்ணப்பூச்சும் கம்பளப் பசையும் மூக்கை அரித்தன. ஜன்னல்களுக்கு வெளியே பச்சைப்பசேல் என்று ஒரு தோட்டம் தெரிந்தது. அது பெரிதாக்கி ஒட்டிய புகைப்படம்; பின்னால் குழல்விளக்கு. நிஜத்தில் அந்தச் சுவருக்கு அப்பால் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

டில்மன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன தாத்தா, பழைய ஆபீஸப் பாத்ததும் திரும்ப வேலையில சேந்துடலாம்னு தோணுதா?" என்றார் லண்டீன்.

"சம்பளத்தச் சொல்லுங்க சார், யோசிக்கிறேன்."

லண்டீன் சிரித்தார். கிழவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து மெதுவாக ஒரு சுற்று சுற்றினார். மேஜை, கொடிகள், கணப்பு, விருந்தாளிக்கான தோல் நாற்காலி. எதையும் தொடவில்லை. ஏதாவது தப்பாக இருக்கிறதா என்று லோயிஸ் கேட்டாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம். அதான் புடிக்கல."

கணப்புக்குப் பக்கத்தில் இன்னொரு கதவு இருந்தது. லண்டீன் ஓடிப்போய் அதைத் தட்டிக் காட்டினார். அறை முழுக்க நகல் என்றாலும் இது ஒன்று மட்டும் அசலாம். மாளிகையைப் பழுதுபார்த்தபோது கழற்றிப் போட்டது யார் யார் கையிலோ சுற்றி ஏலத்துக்கு வந்ததாம். இவர் விடாமல் நின்று பிடித்தாராம். பூட்டும் குமிழும்கூட அதே பழசு. கதவை இழுத்துத் திறந்தார். பின்னால் செங்கல் சுவர்.

"அங்க ஒரு நடைபாதை இருந்துச்சில்ல, ஆளுங்க காத்திருக்கிற எடம்? அது வரைக்கும் கட்ட நம்மகிட்ட வசதியில்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

டில்மனின் கண் அந்தக் குமிழை விட்டு நகரவில்லை.

லோயிஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நடைபாதை அவளுக்குத் தெரியும். இலையுதிர்காலம் முழுக்க ஒமாஹாவில் டில்மனின் மகள் வீட்டுச் சமையலறையில் டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்து அவருடைய நினைவுகளைப் பதிவுசெய்தவள் அவள்தான். ஜனாதிபதியின் கோபம், கைத்தடி, அவர் விரும்பிச் சாப்பிட்ட ஆப்பிள் பை எல்லாம் சொல்லி முடித்த பிறகு, கடைசி நாளில் கிழவர் தானாக ஒன்றைச் சொன்னார்.

மேற்கு வர்ஜீனியாவின் சுரங்க ஊரிலிருந்து நெட்டி ஸ்லோகம் என்று ஓர் அம்மாள் வந்திருந்தாள். கொரியப் போரில் அதிகாரியைச் சுட்டதாக அவள் மகனுக்குத் தூக்கு விதித்திருந்தார்கள். ஜனாதிபதி ஒரு கையெழுத்துப் போட்டால் பையன் பிழைப்பான். தினமும் வந்து நடைபாதைப் பெஞ்சில் உட்காருவாள். நனைந்த கம்பளிக் கோட்டு, மடியில் தொப்பி. சந்திப்புகளைக் கவனித்த செயலாளர் அவள் பெயரைப் பட்டியலில் ஏற்றவே இல்லை. சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கட்டும், களைத்துப்போய்த் தானாக ஊர் திரும்புவாள் என்றார். ஒரு நாள் காலையில் தண்டனை நிறைவேறிவிட்டது. உள்ளே எல்லோருக்கும் தெரியும். அவளிடம் யாரும் சொல்லவில்லை. அன்றும் உட்கார்ந்திருந்தாள். மாலையில் டில்மன் விளக்கணைக்கப் போனபோது அப்படியே உட்கார்ந்தபடி செத்திருந்தாள். பின்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இதைச் சொல்லிவிட்டு டில்மன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவள் பெயர் எங்கேயாவது இருக்க வேண்டும். தான் சாவதற்குள், அரசாங்கம் பத்திரப்படுத்தும் ஏதாவது ஒன்றில். அவ்வளவுதான்.

லண்டீன் பதிவைக் கேட்டார். சந்திப்புப் புத்தகத்தில் அப்படி ஒரு பெயர் இல்லை என்றார். பெயர் இல்லையென்றால் ஆளும் இல்லை. குடும்பம் வந்து நிற்கும்போது இந்த மாதிரிக் கதை நாடாவில் ஓடினால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார். லோயிஸின் கணவன் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. ஓய்வூதியம் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தது. அந்த ஊரில் அவளுக்கு வேறு வேலை கிடையாது. டில்மன் வந்து சேர்வதற்கு முன், அன்று காலையில்தான் பிளேடு எடுத்து நாடாவை இரண்டு இடத்தில் வெட்டினாள், நடுத்துண்டைக் குப்பையில் போட்டாள், முனைகளை ஒட்டினாள். ஒட்டிய இடத்தைக் காது கண்டுபிடிக்காது. அந்த வேலையில் அவளுக்கு நல்ல கை. தட்டச்சுப் பிரதியிலும் அந்தப் பக்கங்களை உருவிவிட்டாள். வேறு பிரதி இல்லை.

லண்டீன் மைக்கை மேஜைமேல் பொருத்திக்கொண்டிருந்தபோது டில்மன் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"லோயிஸ் மேடம், அந்தம்மா பேரு உள்ள இருக்கில்ல?"

"இருக்கு" என்றாள்.

"பத்திரமா?"

"பத்திரமா இருக்கு, மிஸ்டர் டில்மன்."

கிழவர் தலையாட்டினார். அவர் முகம் தெளிந்ததைப் பார்க்க முடியாமல் அவள் டேப் ரெக்கார்டரில் நாடாவை மாட்டப் போனாள்.

லண்டீனுக்கு வேண்டியது ஒரு சின்ன ஒலித்துண்டு. பார்வையாளர்கள் அறைக்குள் எட்டிப் பார்க்கும்போது அந்தக் காலத்து வாசல்காப்பாளரின் குரலே கேட்க வேண்டும். எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். டில்மன் விளக்கினார். வாசல்காப்பாளர் வந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும். மேஜைக்குப் பின்னால் இருப்பவர் வரச் சொல்ல வேண்டும். இரண்டும் நடந்தால்தான் ஆள் உள்ளே வரலாம். ஒன்று குறைந்தாலும் வர முடியாது.

"நான் பேரு சொல்றேன் சார். ஆனா வரச் சொல்ல ஆள் வேணுமே."

"நான் இல்லையா?" லண்டீன் ஜனாதிபதியின் நாற்காலியில் போய்ச் சாய்ந்துகொண்டார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பிரபலமான அந்தக் கரகரத்த குரலைப் போலி செய்து இருமிக் காட்டினார். ஊரில் எல்லோரும் செய்கிற போலிதான். "யாரு பேர வேணா சொல்லுங்க தாத்தா. வேண்டாம்னா அப்புறம் வெட்டிக்கலாம். லோயிஸுக்குப் பழக்கம்தான்."

டில்மன் லோயிஸைப் பார்த்தார். அவள் பொத்தானை அழுத்தினாள். நாடா சுழன்றது.

கிழவர் பக்கக் கதவுக்கு அருகில் போய் நின்றார். கூன் நிமிர்ந்தது. கையிலிருந்த தொப்பி மார்புக்குப் போனது.

"திருமதி நெட்டி ஸ்லோகம், சார்."

லண்டீனின் உதடு சுளித்தது. ஆனாலும் நாடா ஓடிக்கொண்டிருந்தது.

"வரச் சொல்லுப்பா" என்றார், அந்தப் போலிக் குரலில்.

ஒன்றும் நடக்கவில்லை. குழல்விளக்கு ரீங்கரித்தது. நாடா தேய்ந்து ஓடும் ஓசை மட்டும். லண்டீன் எழுந்திருக்கக் கையூன்றினார்.

குமிழ் திரும்பியது.

டில்மனின் கை அதன்மேல் இல்லை.

கதவு மெதுவாக, கீல் முனகாமல், உள்பக்கமாகத் திறந்தது. முதலில் வந்தது வாடை. நிலக்கரிப் புகை, பழைய சுருட்டு, நனைந்த கம்பளி. அதற்குப் பிறகு குளிர்.

செங்கல்லைக் காணோம்.

அந்த இடத்தில் ஒரு நடைபாதை நீண்டு கிடந்தது. மஞ்சள் விளக்கு. சுவரோரமாக ஒரு பெஞ்சு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. பெஞ்சு நிறைய ஆட்கள். விளக்கின் வெளிச்சம் அவர்கள் மடி வரைக்கும்தான் விழுந்தது. முழங்கால்கள். மடியில் தொப்பிகள். மடித்த காகிதங்களைப் பிடித்திருந்த விரல்கள். சகதி ஒட்டிய காலணிகள். முகங்கள் எல்லாம் இருட்டில்.

யாரும் அசையவில்லை. காத்திருக்கப் பழகியவர்கள்.

கதவுக்கு மிக அருகில், பெஞ்சில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது.

லோயிஸ் கம்பளத்தைப் பார்த்தாள். புதுக் கம்பளத்தில் ஓர் ஈரத் தடம் விழுந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. சின்னப் பாதங்கள், ஒரு காலை இழுத்து நடக்கிற தடம். அவை அவளைக் கடந்து போனபோது அவள் கைமயிர் எல்லாம் குத்திட்டு நின்றது.

விருந்தாளி நாற்காலியின் தோல் அமுங்கியது.

"கிரெக்" என்றாள். "கிரெக், எந்திரிங்க."

லண்டீன் எழுந்திருக்கவில்லை. அவர் விரல்கள் மேஜை விளிம்பை வெளுத்துப்போகும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தன. பிறகு அந்தப் பிடி தளர்ந்தது. இரண்டு கைகளும் மேஜையின்மேல் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. எதிர் நாற்காலியைப் பார்த்துத் தலையைச் சற்றுச் சாய்த்தார்.

"சொல்லுங்கம்மா" என்றார்.

இது போலிக் குரல் இல்லை.

இந்த வேலைக்கு வந்த நாள் முதல் அந்தக் குரலை ஒலிநாடாக்களில் கேட்டு வருகிறவள் லோயிஸ். வார்த்தைக்கு முன் இழுக்கும் மூச்சு, வார்த்தைக்குப் பின் தொண்டையில் தங்கும் சளி, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. எந்த நாடாவிலும் இல்லாத ஒரு வாக்கியம் அந்தக் குரலில் இப்போதுதான் கேட்டது.

நாற்காலியிலிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்தது. காற்று ஓட்டை வழியாகப் போவது போன்ற பேச்சு. மகனைப் பற்றி இருக்கும் என்று லோயிஸ் நினைத்தாள். இல்லை.

"என் பேரு இருக்குன்னாங்களே."

டில்மன் திரும்பினார்.

"குப்பையில கெடக்கு" என்றது அந்தக் குரல். அழவில்லை, திட்டவில்லை. தொலைந்த குடையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னது.

டில்மன் லோயிஸைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள். கணவனைப் பற்றி, ஓய்வூதியத்தைப் பற்றி ஏதேதோ சொல்ல நினைத்தாள். அந்த அறையை விட்டு வெளியே போனால் போதும் என்பது மட்டும்தான் அவளுக்குள் மிச்சமிருந்தது. பனியானாலும் சரி, புயலானாலும் சரி.

"மிஸ்டர் டில்மன்" என்றாள் கிசுகிசுப்பாக. "நான் வெளிய போறேன்."

"ஆமா மேடம்" என்றார் அவர். "உள்ள ஆள் இருக்காங்க. நீங்க வெளிய இருக்கிறதுதான் முறை."

அவர் அறையைக் கடந்து, அவர்கள் மூவரும் உள்ளே வந்த வாசல் கதவுக்கு நடந்தார். வயசானவரின் நடை இல்லை அது. கதவைத் திறந்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மரியாதையாக வழிகாட்டினார். லோயிஸ் டேப் ரெக்கார்டரைக்கூட எடுக்கவில்லை. மேஜைப் பக்கம் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு விரைந்து நடந்து வாசலைத் தாண்டினாள்.

அருங்காட்சியகக் கூடத்தின் தரை கல்தரை.

அவள் காலடியில் மரம் ஒலித்தது.

நின்றாள். நிலக்கரிப் புகை. மஞ்சள் விளக்கு. சுவரோரமாக அந்தப் பெஞ்சு. மடியில் தொப்பி வைத்திருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். காலியாக இருந்த முதல் இடத்தின் பலகை இன்னும் ஈரமாக இருந்தது.

திரும்பினாள். கதவிடுக்கில் டில்மனின் முகம் தெரிந்தது. அதில் கோபம் இல்லை. இரக்கமும் இல்லை. வேலையில் இருக்கும் ஒருவருடைய முகம், அவ்வளவுதான்.

அவளுக்குப் பின்னால் கதவு மூடியது. உள்ளிருந்து சாவி திரும்பியது.