டானா தேர்ந்தெடுத்த இடம்

பெரியவர் ஒருவர், குழந்தை ஒன்று என்றுதான் வெஸ் பதிந்திருந்தான். அடுத்த பக்கம் வந்தபோது பெரியவர் இருவர், குழந்தை ஒன்று என்று இருந்தது.

விரல் தவறியிருக்கும். திருத்தினான். காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடியும் பார்த்தான். பெரியவர் இருவர்.

காலை ஐந்து ஐம்பது. ஒஹாயோவின் ஜனவரியில் அந்த நேரத்துக்கு வெளிச்சம் என்று இருந்தது அடுப்புக்கு மேலிருந்த சின்ன விளக்கு மட்டும்தான். இரவெல்லாம் பெய்த பனி ஜன்னல் விளிம்பில் ஒரு சாண் உயரத்துக்கு ஏறி நின்றது. தெருவில் வண்டி இல்லை, நாய் இல்லை, குளிர்பதனப் பெட்டியின் உறுமலைத் தவிர வீட்டில் ஓசையும் இல்லை. ஆறு மணிக்குக் கேளிக்கைப் பூங்காவின் முன்பதிவு திறக்கும். பயணத்துக்குச் சரியாக அறுபது நாள் முன்னால் நாடு முழுக்க அவனைப் போன்ற அப்பன்களும் அம்மாக்களும் சமையலறை மேசைகளில் கண்ணெரிய உட்கார்ந்திருப்பார்கள். இளவரசி வேடமிட்டவர்களோடு பிள்ளைகள் காலைச் சாப்பாடு சாப்பிடும் அந்த மேசைகள் ஐந்தே நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதுவும் பூங்காவுக்குள் இருக்கும் விடுதிகளில் தங்குகிறவர்களுக்குத்தான் முதல் உரிமை. ஆகவே முதலில் எங்கே தங்குவது என்பதை முடிவு செய்தாக வேண்டும்.

போன வாரம் வரை, இரண்டு வருடங்களாக அவன் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. குடும்பப் பட்டியலில் ஆளுக்கொரு விலங்குப் படத்தோடு மூன்று வட்டங்கள் அப்படியே இருந்தன. அவனுக்குக் கரடி, மகள் ஹாட்டிக்கு முயல், மனைவி டானாவுக்கு ஆந்தை. போன வாரம் ஆந்தையை நீக்கப் போனான். “இவர் இனி உங்கள் குடும்பத்தில் இல்லையா?” என்று கேட்டது. கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். அவன் எதையும் தொடாமல் மடிக்கணினியை மூடிவிட்டான்.

அதனால்தான் இது. நீக்காமல் விட்ட ஆள் தானாக எண்ணிக்கையில் வந்து சேர்கிறாள். இயந்திரத்துக்குச் சாவு தெரியாது.

மார்ச்சில் ஹாட்டிக்கு எட்டு வயது முடிகிறது. பூங்காவுக்குப் போக வேண்டும் என்று அவளாகத்தான் கேட்டாள். டானாவின் அக்கா மார்லாவும் விடவில்லை. “எத்தனை நாளைக்குத்தான் அந்தப் பிள்ளைய வீட்டுக்குள்ளயே வெச்சு அடைகாப்ப? அங்க ஒரு நல்ல ஞாபகமும் இருக்கட்டும் அவளுக்கு.” வெஸ் தலையாட்டினான். மார்லாவுக்கு முன்னால் அவனுக்கு எப்போதும் தலையாட்டத்தான் வந்தது.

போன முறை டானா பூங்காவுக்குள்ளேயே தங்க ஆசைப்பட்டாள். ஏரியோரத்தில் ஒரு விடுதி. அதன் படத்தை வாரக்கணக்கில் கைப்பேசியில் திறந்தே வைத்திருந்தாள். அவளைக் கேட்காமல் வெஸ் வெளியே, நெடுஞ்சாலைக்கு எதிர்ப்புறம், பாம் லான்டர்ன் என்றொரு மோட்டலில் அறை எடுத்தான். வரைபடம் பதினோரு நிமிட நடை என்றது. அதை அவளிடம் பெருமையாகக் காட்டினான். நடுவே கிடந்த ஆறுவழிச் சாலைக்கு நடைபாதை கிடையாது என்பதை வரைபடம் சொல்லவில்லை. இரண்டாம் நாள் மாலை ஹாட்டி தன் தொப்பியைப் பூங்கா வாசலில் விட்டுவிட்டு வந்து அழுதாள். வண்டியில் கூட்டிப் போ என்று டானா கேட்டாள். பதினோரு நிமிடம்தானே, நடந்து போ என்றான் அவன். காலையில் தொடங்கிய சண்டை அப்போதும் முடிந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கைப்பேசி அடித்தது. டானா. அவன் அதைக் கவிழ்த்து வைத்தான். மறுபடியும் அடித்தது. சாலையின் நடுத்திட்டில் நின்றுகொண்டுதான் அவள் இரண்டு முறையும் அழைத்திருக்கிறாள். அங்கிருந்து அந்தப் பக்கமும் போக முடியவில்லை, இந்தப் பக்கமும் வர முடியவில்லை. மூன்றாம் முறை அழைப்பதற்குள் ஒரு வண்டி அவளை அடித்துவிட்டது.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றி இறைச்சி ரொட்டி, பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கு. தாள் தட்டோடு வந்து நின்ற மார்லா கேட்டாள், “அந்த இடத்தை யாரு பிடிச்சது, வெஸ்?”

“டானாதான்,” என்றான்.

செத்தவள் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. அந்த ஒரு சொல்லை அதன் பிறகு அவன் திருப்பிச் சொல்ல வேண்டியே வரவில்லை. மற்றவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

ஆறு மணி. ஏரியோர விடுதி. அவள் ஆசைப்பட்ட அதே விடுதி. இரண்டு பெரிய கட்டில், தரைத்தளம். பெரியவர் ஒருவர் என்று இன்னொரு முறை திருத்தி, உறுதிசெய் என்பதை அழுத்தினான். வட்டம் ஒன்று சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. பயணத் திட்டப் பக்கம் திறந்தது.

தங்குமிடம்: பாம் லான்டர்ன் மோட்டல், அறை 114.
தேர்ந்தெடுத்தவர்: டானா.

வெளியே தங்குகிறவர்கள் அந்த வரியைத் தாங்களே தட்டச்சு செய்துகொள்ளலாம். குடும்பப் பட்டியலில் உள்ள யார் வேண்டுமானாலும் செய்யலாம். போன பயணத்தில் எழுதியது அழியாமல் கிடக்கிறது. ஆனால் போன பயணத்தில் அதை எழுதியவன் அவன்.

அழித்தான். வரி போனது. இடம் வெறுமையாக ஒரு கணம் துடித்தது. பிறகு எழுத்து எழுத்தாக, யோசித்து யோசித்துத் தட்டுகிறவளின் வேகத்தில் மறுபடியும் வந்தது. பாம். லான்டர்ன். நடுவில் ஓர் எழுத்துப் பிழை. அது அழிந்தது. சரியாக வந்தது.

தேர்ந்தெடுத்தவர்: டானா.

அப்போதுதான் குளிர்பதனப் பெட்டியின் ஓசை மாறியிருப்பதைக் கவனித்தான். உறுமலுக்கு அடியில் ஒரு சொட்டு. சுவரில் பதித்த பழைய குளிரூட்டி தரைவிரிப்பில் சொட்டுகிற சத்தம், நூற்றுப் பதினான்காம் அறையில் இரண்டு இரவு கேட்ட சத்தம். அதற்கும் அப்பால், பனி மூடிய வெறும் தெருவிலிருந்து, ஈரத் தாரில் சக்கரங்கள் கிழித்துக்கொண்டு போகும் நீண்ட சீறல். ஒன்று. இன்னொன்று. இடைவிடாமல். நீச்சல்குளக் குளோரின் வாசனையும் மழை விழுந்த சூட்டுத் தாரின் வாசனையும் அடுக்களைக்குள் வந்தன. அவன் எழுந்து ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தான். ஜனவரிக் கண்ணாடி.

வெதுவெதுப்பாக இருந்தது.

“அப்பா.”

மாடிப்படியின் கடைசிப் படியில் ஹாட்டி. பள்ளிக்கு உடுத்தித் தயாராக இருந்தாள். தலைமுடி பின்னியிருந்தது. இறுக்கமாக, நேர் வகிடெடுத்து, நுனிவரை. வெஸ்ஸுக்குப் பின்னத் தெரியாது. மார்லாதான் தினமும் வந்து பின்னுவாள். மார்லா இன்னும் வரவில்லை.

“யாரு பின்னி விட்டா, குட்டி?”

அவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கிண்ணத்தை இழுத்துச் சோள அவலைக் கொட்டினாள். “எங்க தங்கப் போறோம்?”

“உள்ள. ஏரிக்குப் பக்கத்துல.”

“ஆனா அம்மாதானே இடம் பிடிப்பா?”

“யாரு சொன்னது?”

“எல்லாரும் சொல்றாங்க. மார்லா பெரியம்மா, பாட்டி. நீதான் சொன்னியாமே.” பாலை ஊற்றினாள். கிண்ணத்தின் விளிம்பு வரை ஊற்றினாள். “அம்மாவுக்கும் அத பத்தி உங்கிட்ட கேக்கணுமாம்.”

“எத பத்தி?”

“நீ சொன்னத பத்தி.”

சொட்டு. சொட்டு. அவளிடம் இப்போது சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். இடம் பிடிச்சது நான், அம்மா இல்ல. ஏழு வயதுப் பிள்ளை புரிந்துகொள்ளுமோ இல்லையோ, கேட்டுக்கொள்ளும். அவள் பால் மீசையோடு அவனையே பார்த்தாள். இல்லை, அவனை அல்ல, அவன் தோளுக்குப் பின்னால்.

“சாப்பிடு,” என்றான்.

சாலையின் சீறல் இன்னும் கிட்டே வந்தது.

ஆறே முக்காலுக்கு மார்லா வந்தாள். பள்ளிச் சமையலறையில் அவளுக்கு வேலை. சீக்கிரமே போக வேண்டும், ஹாட்டியையும் தன் வண்டியில் கூட்டிப் போவாள். மிதியடியில் பனியை உதறிக்கொண்டே உள்ளே வந்தவள் அவனைப் பார்த்துவிட்டு நின்றாள்.

“என்னடா இது கோலம்? சவரம் பண்ணி எத்தனை நாளாச்சு? இப்படியே போனா பூங்காவுல உன்னையும் வேஷக்காரன்னு நினைச்சு பிள்ளைங்க கூட நின்னு போட்டோ எடுக்கும்.”

அவன் சிரிக்க முயன்றான்.

“ஏ முயல்குட்டி, பின்னல்லாம் போட்டு ரெடியா? அப்பன் கத்துக்கிட்டானா? பரவாயில்லையே. போ, கோட்டப் போட்டுட்டு வண்டியில ஏறு. கதவு திறந்துதான் இருக்கு.”

ஹாட்டி போனாள். வாசற்கதவு சாத்திக்கொண்டது. வேறு யாருக்கோ வழிவிட்டதுபோல ஒரு நொடி தாமதித்துச் சாத்திக்கொண்டது.

“இங்க என்னவோ வாடை அடிக்குது,” என்றாள் மார்லா. “ப்ளீச் கொட்டிட்டியா?” பதிலுக்குக் காத்திராமல் அவன் காப்பியை எடுத்துக் குடித்தாள். “சரி, இடம் முடிவாச்சா?”

“பாத்துட்டு இருக்கேன்.”

“இந்தத் தடவையாவது உள்ளயே போடு, வெஸ். என் தங்கச்சி பண்ணின மாதிரி ரோட்டோரம் வேண்டாம்.” கோப்பையை வைத்தாள். குரல் இறங்கியது. “அவள திட்டணும்னு இல்ல. ஆனா ராத்திரி படுத்தா அதான் வருது. பெத்த பிள்ளைய வெச்சுக்கிட்டு அப்படி ஒரு இடத்த எப்படித்தான் பிடிச்சாளோ. எங்கம்மா இன்னும் அவ கல்லறைக்குப் போகல, தெரியுமா உனக்கு? கோபம். செத்தவ மேல கோபம்.”

சீறல் நின்றது.

சொட்டும் நின்றது. குளிர்பதனப் பெட்டி நின்றது. சுவர்க் கடிகாரமும் நின்றது. வீடு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் திறப்பதற்காகக் காத்திருந்தது. அவன் முதுகுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில், ஈரத்துணியோடு ஒருவர் நின்றுகொண்டிருப்பதைப் போன்ற ஒரு தண்மை.

சொல்.

சொல்லிவிடு.

மார்லாவின் கண்கள் கலங்கியிருந்தன. அவன் சொன்னால் அந்தக் கண்கள் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அவள் இனி வரமாட்டாள். ஹாட்டியின் பாட்டி வரமாட்டாள். ஹாட்டியும் ஒருநாள்.

“விடு, மார்லா,” என்றான். “அவளுக்கு அந்த இடம் பிடிச்சுப் போச்சு. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்.”

முதுகுப்பக்கம் இருந்த தண்மை விலகியது. கோபமில்லாமல், அவசரமில்லாமல், தான் கேட்க வந்ததைக் கேட்டு முடித்தவளைப்போல விலகியது. கடிகாரம் ஓடியது. பெட்டி உறுமியது. குளோரின் வாசனை அறவே இல்லை. வெறும் காப்பி வாசனை.

மார்லா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவன் தோளைத் தட்டினாள். “நல்லவன்டா நீ. சாயங்காலம் பாக்கலாம்.”

அவள் போனதும் வெஸ் நாற்காலியில் சரிந்தான். உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. அந்த மரப்பு அவனுக்குப் பழகிப்போன ஒன்று, கிட்டத்தட்ட ஆறுதல். திரையைப் பார்த்தான். மோட்டலின் பெயர் இல்லை. அந்த வரியே இல்லை. பக்கத்தில் இரண்டே வரிகள்தான் இருந்தன.

வருகை: இன்று.

புறப்பாடு என்பதற்கு எதிரே எதுவுமில்லை.

கரடியைக் காணவில்லை. முயல் இருந்தது. அதன் பக்கத்தில், விளிம்போடு விளிம்பு ஒட்டி, ஆந்தை.

நாற்காலி சாய்ந்து விழுந்தது. காலுறையோடு ஓடினான். வாசல். படி. பனி கணுக்காலைக் கடித்தது. மார்லாவின் வண்டி பின்புறமாக நகர்ந்து தெருவுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கத்தினான். உள்ளே பாட்டு உரக்க ஓடிக்கொண்டிருந்தது. மார்லா கழுத்தைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தாள். பின்னிருக்கைக்கு மேலாக. அங்கே எதுவும் இல்லாததுபோல.

அவன் பக்கக் கண்ணாடியை எட்டிவிட்டான். அடித்தான். ஹாட்டி ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்பால் நடு இருக்கை காலி. ஆனால் அந்த இருக்கையின் பட்டை இழுத்து மாட்டியிருந்தது. தொங்கவில்லை. தளரவில்லை. ஓர் ஆள் உடம்பின் அகலத்துக்கு வெளியே வளைந்து, வெறும் காற்றின் மேல் இறுக்கமாக நின்றது.

பட்டை மூச்சுபோல ஏறியது.

இறங்கியது.

ஹாட்டி சாய்ந்திருந்தாள். தலை பக்கவாட்டில் சரிந்து, இருக்கையில் படாமல், எதிலும் படாமல், அந்தரத்தில் நின்றது. ஒரு கன்னம் எதன் மீதோ அழுந்திச் சப்பையாகியிருந்தது. பின்னலிலிருந்து தப்பிய ஒரு முடிக்கற்றை நெற்றியில் விழுந்தது. அது மெதுவாகத் தூக்கப்பட்டு, அவள் காதுக்குப் பின்னால் செருகப்பட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கைப்பிடி அவன் விரல்களிலிருந்து வழுக்கியது. வண்டி போனது. பள்ளிக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். தெருமுனையில், விழுந்துகொண்டிருந்த பனிக்கு நடுவே, தெற்கே, பூங்காவுக்குப் போகும் நெடுஞ்சாலையின் பக்கமாக, வலது விளக்கு மின்னத் தொடங்கியது.