நிற்காத வாக்கியம்

சிவக்குமார் தாளை மேசைமேல் வைத்தான். மடிப்பை நீவிவிட்டான்.

"என் தங்கச்சி எழுதுனது சார். கையெழுத்து அவளோடதுதான்."

துப்பறிவாளர் ஹாலாஸ்யம் தாளைத் தொடாமல் படித்தார். ஆங்கிலத்தில் நான்கு வரி. வரிக்கு வரி நடுவே ஒரு வெற்று வரி. எங்கும் முற்றுப்புள்ளி இல்லை. உதவியாளன் சாய்ராம் தமிழில் சொன்னான்: நான் களைத்துவிட்டேன் எனக்குப் போக வேண்டும் யாரும் காத்திருக்க வேண்டாம் நான் திரும்பி வர மாட்டேன்.

தங்கை முனீஸ்வரி நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வு நாளைக்கு. நேற்றுக் காலை அலங்காநல்லூரிலிருந்து வேலைக்குக் கிளம்பியவள் திரும்பவில்லை. தலையணைக்கு அடியில் இந்தத் தாளைக் கண்டெடுத்தவன், அவளை ஆங்கில வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்வரும் மாமன் மகன் தங்கப்பாண்டி. இரவெல்லாம் மழை. விடிந்ததும் வண்டியூர் தெப்பக்குளத்துப் படியில் அவளுடைய செருப்பைப் பார்த்தவனும் அவன்தான். இப்போது சிவக்குமாரின் தோளைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

"செருப்பு நனைஞ்சிருந்துச்சா?" என்றார் ஹாலாஸ்யம்.

"இல்ல சார். காஞ்சுதான் கெடந்துச்சு," என்றான் தங்கப்பாண்டி.

சிவக்குமாரின் போன் அடித்தது. வயலிலிருந்து ஆள். காளைக்குத் தண்ணீர்த் தொட்டி காலி, மோட்டார் போடலாமா என்று கேட்டான்.

"வேணாம்னு சொல்லு மாப்ள," என்றான் தங்கப்பாண்டி. "மோட்டார் ரூம்ல கரண்ட் அடிக்குது. நேத்தே பூட்டிட்டேன். ஆள் செத்துரக் கூடாதுல்ல."

தங்கப்பாண்டி, தேடுதல் நடந்த குளத்துக்குப் போனான். மற்ற மூவரும் முனீஸ்வரி ஆங்கிலம் படித்த ஒத்தக்கடை வகுப்புக்குப் போனார்கள்.

வழியில் சாய்ராம், மாதிரித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் இப்படிப் புள்ளியே இல்லாமல் எழுதுவாளா என்று கேட்டான்.

"பயந்தவங்க எல்லாருமே நிறுத்தாமத்தான் எழுதுவாங்க. அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. சாகப் போறவ எதுக்கு நடுவுல வரி விட்டா? அதை யோசி," என்றார் ஹாலாஸ்யம்.

ஆங்கில ஆசிரியை பிருந்தா தாளைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். அது போன வாரப் பயிற்சி. தலைப்பு: வேலையை விடும் நர்ஸ். அவருடைய வகுப்பில் ஒவ்வொருவரும் வேண்டுமென்றே ஒட்டுவாக்கியம் ஒன்று எழுத வேண்டும், பல வாக்கியங்களை முற்றுப்புள்ளி இல்லாமல் ஒட்டி. பிறகு தாளைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் வீட்டுக்குக் கொண்டுபோய், வெற்று வரிகளில் தனித்தனி வாக்கியமாகப் பிரித்து எழுதி, அடுத்த வாரம் கொண்டுவர வேண்டும்.

சிவக்குமார் வண்டியைக் கிளப்பும்போது ஹாலாஸ்யம் பிருந்தாவிடம் ஏதோ கேட்டார். பதில் அவன் காதில் விழவில்லை. தங்கை கடிதம் எழுதவில்லை என்பது மட்டும் புரிந்தது. அது நிம்மதியாக இல்லை. அப்படியானால் அதை வைத்தது யார்?

தெப்பக்குளத்தில் தீயணைப்புப் படகு மெதுவாகச் சுற்றியது. கொக்கி மேலே வரும்போதெல்லாம் சிவக்குமார் கண்ணை மூடிக்கொண்டான். தங்கப்பாண்டி மறுபடி வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். ஹாலாஸ்யம் போலீஸ்காரர்களைப் படியருகே அழைத்தார்.

"ராத்திரி மழை. செருப்பு காஞ்சிருக்கு. விடிஞ்சப்புறம் யாரோ கொண்டாந்து வெச்சது. இந்தத் தாளு போன வாரமே முனீஸ்வரி கையை விட்டுப் போயிருச்சு. அவ தலையணைக்கு அடியில இது இருந்திருக்கவே முடியாது. திருத்துறதுக்கு வாங்கிட்டுப் போனவர்கிட்ட இருந்திருக்கும்." திரும்பினார். "டீச்சர் சொல்லிட்டாங்க. வகுப்புல அவ பக்கத்துல உக்கார்றது நீங்கதானே தங்கப்பாண்டி?"

சிவக்குமாரின் தோளிலிருந்து தங்கப்பாண்டியின் கை விலகியது. காலையிலிருந்து அந்தக் கைமேல்தான் அவன் சாய்ந்திருந்தான்.

"கடல் தாண்டிப் போயிட்டா என்னைய எங்க கட்டப் போறா?" தங்கப்பாண்டி படியைப் பார்த்தே பேசினான். "பரீட்சை முடிஞ்சதும் விட்டுருப்பேன் மாப்ள."

"செருப்பைக் குளத்துல வெச்சவன், ஆளை எப்படித் திருப்பி விடுவான்?" என்றார் ஹாலாஸ்யம். "மோட்டார் ரூம் சாவியைக் கொடு."

 சாவி அவன் அரைஞாண் கயிற்றில் இருந்தது.

அலங்காநல்லூர் வயலில், தாகத்தில் காளை தொட்டியை முட்டிக்கொண்டிருந்தது.  சாய்ராம் பூட்டைத் திறந்தான். உள்ளே இருட்டு, எண்ணெய் நாற்றம். மூலையில் ஏதோ கிடந்தது. அது அசையவில்லை.

"முனீசு."

அசைந்தது.

சிவக்குமார் அவள் வாயில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். உதடு வெடித்திருந்தது. வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கி, பகலா இரவா என்று தெரியாமல் அவள் கேட்டாள்.

"பரீட்சை முடிஞ்சிருச்சாண்ணே?"

"இல்லத்தா. நாளைக்குத்தான்."