உள்வாங்கிய ஸ்பீக்கர்

மழை பிடித்துக்கொண்ட மத்தியானம். ஆஸ்பத்திரியின் பழைய வார்டு வாசலில் வேனை நிறுத்தி, அவளையும் மகளையும் இறக்கிவிட்டார் அவள் வீட்டுக்காரர்.

"ஒரு சவாரி போயிட்டு வந்துடறேன். மழையில நனையாதீங்க."

அவள் ஸ்பீக்கர் மெக்கானிக். ஒரு கையில் கருவிப் பை, மறு கையில் சின்ன ஆம்ப்ளிஃபயர், பின்னாலேயே ஏழு வயது மகள். பள்ளிக்கூடத்தில் என்ன பெயரோ இருக்கட்டும், வீட்டில் அந்தப் பிள்ளைக்கு வாயாடி என்றுதான் பெயர். சும்மா சொல்லக்கூடாது, வைத்த பெயருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. தூக்கத்தில்கூட யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருக்கும். "கொஞ்ச நேரம் வாயை மூடுடி தாயே" என்று பெற்றவள் கையெடுத்துக் கும்பிடாத நாள் கிடையாது.

சூப்பர்வைசர் கதவைத் திறந்துவிட்டார். "பல வருஷமா பூட்டிக் கிடந்த வார்டும்மா. நாளைக்கு நோயாளிங்களக் கொண்டு வர்றோம். அறிவிப்பு சொல்ற ஸ்பீக்கர் எல்லாம் பேசுது. கோடிக் கட்டிலுக்கு மேல இருக்கிறது மட்டும் ஊமையாக் கிடக்கு. இன்னைக்கே முடிச்சுக் குடுத்துடுங்க." சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

உள்ளே ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். புதிதாக ஊற்றிய பினாயில் வாசனைக்கு அடியில், ஈரம் காயாத பழைய பஞ்சு மெத்தையின் வாசனை. இரண்டு வரிசையாக இரும்புக் கட்டில்கள். வாயாடி ஒவ்வொரு கட்டிலையும் தட்டிக்கொண்டே வந்தாள். "இது யாரு கட்டில்? அவங்களுக்குச் சரியாயிடுச்சா? வீட்டுக்குப் போயிட்டாங்களா? ஏம்மா, சொல்லும்மா."

"உன் தொணதொணப்பு தாங்காம எழுந்து ஓடிட்டாங்க."

பிள்ளை கலகலவென்று சிரித்தது.

கோடிக் கட்டிலுக்கு நேர் மேலே, படுத்திருப்பவரின் முகத்தைப் பார்க்கிற மாதிரி அந்தப் பெட்டி சாய்ந்து தொங்கியது. கட்டில்மேல் ஏறி நின்று, திருகுகளைக் கழற்றி, ஸ்பீக்கரை மட்டும் வெளியே எடுத்தாள். நர்சுகளின் பழைய மேசையில் நிமிர்த்தி வைத்து வேலையை ஆரம்பித்தாள்.

முதலில் இரண்டு கட்டை விரலாலும் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை, அதாவது கோனை, மெல்ல அழுத்தி விட்டாள். உரசல் இல்லை, அப்படியானால் உள்ளே கம்பிச் சுருள், அந்தக் காயில், நேராகத்தான் நிற்கிறது. பின்னால் இருந்த முனைகளில் மீட்டரை வைத்தாள். முள் அசையவில்லை. கோனின்மேல் கம்பி வந்து சேரும் புள்ளிகளில் வைத்தாள். முள் துள்ளியது. காயிலுக்கு உயிர் இருக்கிறது, நடுவில் வரும் கம்பியில்தான் கோளாறு. டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தாள்.

இரண்டு கம்பியும் அறுந்திருந்தன. ஆடி ஆடித் தேய்ந்து அறுந்தால் முனை பிசிறு பிசிறாக நிற்கும். இது ஒரே வெட்டு. கருகலும் இல்லை, துருவும் இல்லை.

யாரோ வேண்டுமென்றே கத்தரித்திருக்கிறார்கள்.

"எந்தப் புண்ணியவான் பார்த்த வேலையோ" என்று முணுமுணுத்தாள். அங்கேயே நிறுத்தி, ஏன் வெட்டினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் ரிப்பேர்காரியின் புத்தி அப்படிப் போகாதே! அறுந்ததைக் கண்டால் ஒட்டத்தான் கை வரும். புதுக் கம்பி வைத்து, ஈயம் உருக்கி, இரண்டு பக்கமும் பற்றவைத்தாள்.

பிறகு பேட்டரியால் முனைகளைத் தொட்டுப் பார்த்தாள். சரியாகத் தொட்டால் கோன் வெளியே துள்ள வேண்டும். பிளஸ் மைனஸை மாற்றித் தொட்டால் உள்ளே போக வேண்டும்.

உள்ளே போனது.

மாற்றித் தொட்டாள். அப்போதும் உள்ளேதான் போனது.

இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. பேட்டரிதான் சரியில்லையோ என்று வேறொன்றை எடுக்கப் பையின் பக்கம் திரும்பினாள்.

கூம்பு மாதிரி எதைக் கண்டாலும் பிள்ளைகள் அதற்குள் வாயை வைத்துக் கத்தாமல் இருக்குமா? வாயாடி மேசைமேல் கவிழ்ந்து, கோனுக்குள் முகத்தை வைத்தாள். "ஹலோ! ஹலோ! எல்லாரும் எழுந்து மருந்து சாப்பி..."

பேச்சு பாதியில் நின்றது.

திரும்பினாள். மகளின் வாய் அசைந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லை.

"போதும்டி உன் நடிப்பு."

பிள்ளையின் கண்கள் விரிந்தன. கழுத்து நரம்பு புடைக்கக் கத்தியது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. விசும்பலுக்குக்கூடச் சத்தம் இல்லை. கூரையில் மழை கொட்டுவது மட்டும்தான் கேட்டது.

மகளின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள். "அம்மாவைப் பாரு. ஆன்னு சொல்லு. ஐயோ, என் கண்ணு, ஒரே ஒரு தடவை சொல்லுடா!" பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓட எழுந்தாள்.

வாசலில் வாட்ச்மேன் நின்றுகொண்டிருந்தார். துண்டால் வாயைப் பொத்தியிருந்தார். மேசையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது.

"யாரும்மா அதை ஒட்டினது?" குரல் துண்டைத் தாண்டி அரைகுறையாகத்தான் வந்தது.

"அண்ணே, எம் பொண்ணு..."

"மெதுவாப் பேசு. அதுகிட்ட முகத்தைக் கொண்டு போகாத." துண்டை விலக்காமலே சொன்னார். "அந்தக் கட்டிலுக்கு வந்தவங்க எல்லாருக்கும் இதுதான் ஆச்சு. ஜுரம்னு வருவாங்க, பேச்சு போயிடும். டாக்டருங்க பார்த்தாங்க, தொண்டையில ஒண்ணுமே இல்லன்னுட்டாங்க. கடைசி வரைக்கும் ஒருத்தருக்கும் திரும்பி வரல. நான்தாம்மா அதை வெட்டினேன்." இடுப்பிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தார். "இப்பவும் வெட்டிடறேன்."

"தொட்டீங்க, கொன்னுடுவேன்." அவள் ஸ்பீக்கருக்குக் குறுக்கே பாய்ந்தாள். "எம் பொண்ணு குரல் அதுக்குள்ள இருக்கு."

சொன்ன வேகத்திலேயே அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஸ்பீக்கர் கம்பியை ஆம்ப்ளிஃபயரில் மைக் மாட்டுகிற இடத்தில் மாட்டினால், பேசுகிற ஸ்பீக்கர் மைக்காகிவிடும். இது எல்லா மெக்கானிக்கும் விளையாட்டாகச் செய்து பார்த்ததுதான். உள்ளே போனதை அந்த வழியாக வெளியே இழுக்க முடியாதா?

மாட்டினாள். ஆம்ப்ளிஃபயரின் மறுபக்கத்தில் தன் பையிலிருந்த சோதனை ஸ்பீக்கரைச் சேர்த்து, மகளுக்கு எதிரே வைத்தாள். மகளை மடியில் இறுக்கிக்கொண்டு, சத்தத்தைக் கூட்டும் குமிழைத் திருகினாள்.

இரைச்சல்.

இன்னும் திருகினாள்.

"தண்ணி..." என்றது சோதனை ஸ்பீக்கர். கிழிந்த பெண் குரல். "யாராவது லைட்டை அணைங்களேன்" என்றது இன்னொன்று. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு, முண்டியடித்துக்கொண்டு குரல்கள் வந்தன. அவள் ஒவ்வொன்றிலும் தன் பிள்ளையைத் தேடினாள். "வாயாடி! என் தங்கமே! அம்மா இங்க இருக்கேன், வா!"

"எம் பையன் வந்துட்டானா?" என்றார் ஒரு கிழவர், சோதனை ஸ்பீக்கரில்.

"எம் பையன் வந்துட்டானா?"

இரண்டாவது முறை கேட்டது மடியிலிருந்து.

குனிந்து பார்த்தாள். மகளின் வாய்தான் பேசியது. கரகரத்த, சளி கட்டிய கிழட்டுக் குரல். பிள்ளையின் கண்கள் மட்டும் அம்மாவைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தன.

தொண்டை ஒன்று காலியாகக் கிடக்கிறது என்று, முதலில் கண்ட கிழவர் ஏறிக்கொண்டுவிட்டார்.

"இறங்குய்யா! அது எம் பொண்ணு! இறங்கு!" தன் பிள்ளையின் தோளைப் பிடித்தே உலுக்கினாள்.

அப்போதுதான் அந்தக் கூட்டத்துக்கு அடியிலிருந்து, மெலிசாக வந்தது.

"அம்மா... இங்க இருட்டா இருக்கும்மா. எல்லாரும் தள்ளறாங்க."

"வந்துட்டியா கண்ணு! வா, வா!"

"வர்றதுக்கு இடம் இல்லம்மா."

குரல் தேய்ந்துகொண்டே போனது. இடமில்லை. பிள்ளைக்குப் பிள்ளையின் தொண்டையிலேயே இடமில்லை. அவள் வாட்ச்மேனைப் பார்த்தாள். அவர் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டு பின்வாங்கினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தன் தொண்டையை வேறு எவர் தருவார், பெற்றவளைத் தவிர?

மகளைக் கட்டிலில் உட்காரவைத்தாள். மேசைக்கு வந்தாள். கோனுக்குள் முகத்தைப் புதைத்தாள். எண்ணெயும் பழைய மூச்சும் கலந்த வாடை.

"அம்மா இடம் விடறேன்டி. நீ வந்து..."

ஈரத் துணியைப் பிழிவது போலத் தொண்டை முறுக்கிக்கொண்டது. பேச்சு, நூலாக, உருவப்பட்டுப் போனது.

குளிர்ந்தது. ஒரு நிமிஷம் ஒன்றுமே இல்லை. பிறகு தொண்டைக்குள் சின்னதாக, கதகதப்பாக ஏதோ ஒன்று வந்து ஒண்டிக்கொண்டது.

பின்னாலிருந்து வாட்ச்மேன் பாய்ந்து வந்தார். "போதும்மா, இன்னும் எத்தனை பேரு!" அவள் தடுப்பதற்குள் இரண்டு கம்பியையும் வெட்டினார். ஆம்ப்ளிஃபயரின் பிளக்கையும் பிடுங்கி எறிந்தார். குரல்கள் அத்தனையும் அடங்கின.

வாசலில் வேன் வந்து நின்றது. தலையைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்காரர் உள்ளே வந்தார்.

"என்ன ஆச்சு? ஏன் எல்லாரும் இப்படி நிக்கறீங்க? வாயாடி, நீ ஏன்டா அழற?"

"யாருய்யா நீ?" என்றது மகளின் வாய்.

அவர் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிடத் துடித்தாள். வாயைத் திறந்தாள். அவளைக் கேட்காமலே, கீச்சென்று, ஏழு வயதுக் குரல் கிளம்பியது.

"அப்பா! நான் வெளிய வந்துட்டேன்ப்பா! அம்மாவைக் காணோம். அம்மா எங்கப்பா?"

இங்கேதான் இருக்கிறேன் என்று அவள் மார்பில் அடித்துக்கொண்டாள். சொல்லக் குரல் இல்லை. வாய் திரும்பத் திரும்ப அதையே கேட்டு அழுதது. "அம்மா எங்க? அம்மா எங்கப்பா?"

மேசைமேல், எதிலும் மாட்டப்படாமல், கம்பி அறுந்து கிடந்த ஸ்பீக்கர் பதில் சொன்னது.

"இங்கதான்டி இருக்கேன், செல்லம். அழாத."