கேட்காமல் எடுத்த படம்

பால் பொங்கி வழிந்தபோதுகூட அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. மகள் நீட்டிய கைபேசியில் தன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் முதுகுதான். அதே கழுவுதொட்டி, அதே சாயம் போன நீலப் புடவை. போன மாதம் மகள், "சும்மா, ஞாபகத்துக்கும்மா" என்று சொல்லி எடுத்தது. இப்போது அதன் மேல் மகளின் குரல் ஓடியது. "என் அம்மா தன் வாழ்க்கையை இந்தத் தொட்டியில் கழுவி ஊற்றினாள். நான் என் அம்மா இல்லை." அடுத்து பளபளவென்று ஒரு பாத்திரம் கழுவும் இயந்திரம். பெண்கள் தினத் தள்ளுபடி விலை.

"ஒரே ராத்திரியில லட்சக்கணக்குல பாத்திருக்காங்கம்மா," என்றாள் மகள். விளம்பர நிறுவனத்தில் அவள் தனியாகச் செய்த முதல் வேலை. முகமெல்லாம் பூரிப்பு.

அப்பா செய்தித்தாளை மடித்துவிட்டு எட்டிப் பார்த்தார். காபி டம்ளரோடு மாடியிலிருந்து இறங்கி வந்த அத்தையும் பார்த்தாள். அத்தை அப்பாவின் தங்கை, பெயர் பெற்ற வக்கீல். மகள் சின்ன வயதிலிருந்தே பிரமித்துப் பார்த்தது அவளைத்தான்.

அம்மா அடுப்பை அணைத்தாள். "என்னைக் கேட்டியா நீ?"

"உன் முகமே தெரியலையேம்மா."

"எனக்குத் தெரியுதே."

மகளின் பூரிப்பு வடிந்தது. "உன்னை மாதிரி பொம்பளைங்களுக்காகத்தாம்மா பேசறேன். உங்களுக்கெல்லாம் ஒரு குரல் வேணாமா?"

"எனக்குக் குரல் இல்லைன்னு யார் சொன்னா? நீ என்னைக்காவது காது குடுத்துக் கேட்டியா? அது கிடக்கட்டும். உங்க ஆபீஸ்ல நீங்க குடிச்ச கப்பை எல்லாம் ஒரு பொம்பளை கழுவறாளே, அவளுக்கு வாங்கிக் குடுத்தீங்களா இந்த மெஷினை?"

மகளுக்குச் சுருக்கென்று தைத்தது. கோபத்தில் வார்த்தை தடித்தது. "நல்ல வேலையை விட்டுட்டு, யாரோ சொன்னாங்கன்னு அடுப்படிக்குள்ள போனவதானேம்மா நீ? அத்தையைப் பாரு. யாருக்குப் பயந்தாங்க அவங்க?"

அத்தை காபியைக் கீழே வைத்தாள். அம்மா சட்டென்று, "வக்கீலம்மா, நீ சும்மா இரு," என்றாள்.

"இல்ல அண்ணி. இத்தனை வருஷம் எனக்காக நீங்க வாய மூடிக்கிட்டு இருந்தது போதும்." அத்தை மகளைப் பார்த்தாள். "உங்கம்மா ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்துக்கிட்டிருந்தாங்க. தெரியுமில்ல? ஒரு நாள் நான் கைக்குழந்தையோட அங்க போனேன். கை உடைஞ்சிருந்தது. படியில விழுந்தேன்னு சொன்னேன். உங்கம்மாதான் படம் எடுத்தாங்க. புது முறிவுக்குக் கீழயே பழைய முறிவு ஒண்ணு ஆறியிருக்கறது அதுல தெரிஞ்சுபோச்சு. என் புருஷன் அடிச்சதுன்னு உங்கம்மாவுக்குப் புரிஞ்சுபோச்சு."

"அத்தை... மாமா செத்துப் போயிட்டதா..."

"உயிரோடதான் இருக்கான். என் புள்ளைக்கே சொல்லலை. இன்னைக்குச் சொல்லிடறேன்." அத்தை தொடர்ந்தாள். "புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போன்னு எங்கம்மா சொன்னாங்க. உங்கம்மா வாசலை மறிச்சுக்கிட்டு நின்னாங்க. 'இவளை அனுப்பினா நானும் வெளிய போறேன்'னாங்க. நான் சட்டம் படிக்கணும், குழந்தையை யார் பாக்கறது? எங்கம்மா தொட மாட்டேன்னுட்டாங்க. உங்கம்மாதான் வேலையை விட்டுட்டு அவனை வளத்தாங்க."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அதைக் கவனித்தாள்.

"அவளுக்காக விட்டதுல எனக்கு வருத்தமில்லை. ஆனா வேலையை யார் விடறதுன்னு பேச்சு வந்தப்போ, இந்த வீட்டுல ஒருத்தர்கூட இவர் பக்கம் திரும்பிப் பாக்கலை. இவரும் நிமிர்ந்து பாக்கலை. இன்னைக்கு மாதிரியேதான் குனிஞ்சுக்கிட்டிருந்தாரு. அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறலை."

மகள் அழுதுகொண்டிருந்தாள். "தெரியாமப் பண்ணிட்டேம்மா. இதை மாத்திடறேன். உன் உண்மைக் கதையைப் போடறேன். நீ பண்ணின தியாகத்தை ஊரே..."

"நிறுத்து." அம்மா குரலை உயர்த்தி அந்த வீடு அதுவரை கேட்டதில்லை. "நேத்து என்னைப் பாவம்னு வித்தே. இன்னைக்குத் தெய்வம்னு விக்கப் போறியா? நான் அடிமையும் இல்லை, தெய்வமும் இல்லை. யோசிச்சு ஒரு முடிவு எடுத்தேன். அதுக்கான வலியையும் நானே பட்டேன். அது என்னோடது. உங்கத்தை கஷ்டம் அவளோடது. அதை வச்சுத் தள்ளுபடி விலையில பாத்திரம் கழுவற மெஷின் விக்காதே."

மகள் அங்கேயே நின்று மேலாளரை அழைத்தாள். விளம்பரத்தை நீக்கிவிட வேண்டும், படத்தில் இருப்பவர் சம்மதிக்கவில்லை என்றாள். அந்தப் பக்கம் குரல் ஏறியது. ஒப்பந்தம், நஷ்டம், உன் எதிர்காலம் என்று என்னென்னவோ சொன்னது. "என் வேலை போனாலும் சரி சார், எடுத்துடுங்க," என்றாள் மகள்.

அத்தை கைபேசியை வாங்கினாள். "வணக்கம். படத்துல இருக்கறவங்களோட வக்கீல் பேசறேன். சாவகாசமாப் பேசலாமா?"

அந்தப் பக்கக் குரல் உடனே மேடம், மேடம் என்று இறங்கியது. மத்தியானத்துக்குள் விளம்பரம் காணாமல் போனது.

அப்பா எழுந்து போய் அடுப்பில் வழிந்த பாலைத் துடைக்க ஆரம்பித்தார். அம்மா அவரைத் தடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். மகள் தரையில் அமர்ந்து அவள் மடியில் முகம் புதைத்தாள். அம்மா வெகுநேரம் அந்தத் தலையைத் தொடவில்லை. பிறகு தொட்டாள்.

"அம்மா, அந்த எக்ஸ்ரே வேலை உனக்குப் பிடிச்சிருந்ததா?"

இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை.

"ரொம்ப," என்றாள். மகளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.