சோழிக்குப் பட்டை இல்லை

காலை மணி அடித்ததும் சுவர்த்திரையில் முந்தைய நாள் தேர்வின் மதிப்பெண்கள் வரும். கடைசி மார்க் யாருடையதோ, அந்தப் பிள்ளையின் கழுத்துப்பட்டைக்கு நான் மின்னடி கொடுக்க வேண்டும். ஒன்பதரைக்குள் பொத்தானை அழுத்தாவிட்டால் அதே அடி என் கழுத்துப்பட்டைக்கு வரும். கணக்கு டீச்சர் மரகதவல்லி, அதாவது நான், பதினோரு வருடத்தில் ஒருநாளும் தவறியதில்லை. வெட்கங்கெட்ட பெருமை!

அடி வாங்கிய பிள்ளை மறுநாள் பெரும்பாலும் கூடுதல் மார்க் வாங்கிவிடும். பாராட்டு வாங்கிய பிள்ளை சறுக்கும். அதனால் பாராட்டையே சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று நானும் சொல்லித் திரிந்தேன். மூன்று வருடம் முன்பு இசக்கி என்ற பையன் மூன்றாவது முறையாகக் கடைசியில் வந்தான். மூன்றாம் முறை அடி இரட்டிப்பு. நாக்கைக் கடித்து, சட்டையெல்லாம் ரத்தமாகப் பெஞ்சிலேயே சுருண்டு செத்தான். எல்லாம் அவன் நல்லதுக்குத்தான் என்று அவன் அம்மாவிடம் சொன்னேன்.

இந்த வருடம் ஒருநாள் முதல் பாடம், மாறுபாடு. ஒன்பதரைக்கு இருபது நிமிடம் இருந்தது. நாற்பது பேருக்கும் பத்துப் பத்துச் சோழி கொடுத்து உருட்டச் சொன்னேன். ஒருவனுக்கு எட்டு மல்லாந்தது, ஒருத்திக்கு இரண்டு. இரண்டு விழுந்த மூன்று பேரும் மறுபடி உருட்டினார்கள். மூவருக்கும் ஏறியது. எட்டு விழுந்தவர்களும் மறுபடி உருட்டினார்கள், அவர்களுக்கு இறங்கியது.

கடைசிப் பெஞ்சு நப்பின்னை எழுந்தாள்.

“டீச்சர், சோழிக்குப் பட்டையே இல்லையே. அப்புறம் எப்படி ஏறுச்சு?”

திரையைத் திரும்பிப் பார்த்தேன். அன்று திரையில் கடைசிப் பெயர் அவளுடையது. மூன்றாவது முறை. இசக்கியும் சோழி மாதிரி அடி இல்லாமலே ஏறியிருப்பான். படுபாவி, நான் அவனைக் கொன்றிருக்கிறேன்.

“உக்காரு தாயி. இன்னைக்கு உனக்கு அடி இல்ல,” என்றேன்.

ஒன்பதரைக்கு இரட்டை அடி என் கழுத்தில் இறங்கியது. மேசை விளிம்பில் முகம் மோதி இரண்டு பல் தெறித்தன. பிள்ளைகள் அலறியது மட்டும் கேட்டது.

மறுநாள் வீங்கிய வாயோடு போனேன். நப்பின்னை முப்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தாறுக்கு ஏறியிருந்தாள். அடிக்காமலே ஏறியிருக்கிறாள், இதுதான் ஆதாரம் என்று தலைமையாசிரியரிடம் திரையைக் காட்டினேன். அவர் திரையையும் என் வீங்கிய வாயையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“டீச்சருக்குக் குடுத்தாலும் பிள்ளைக்கு ஏறுது பாருங்க,” என்றார்.

மாலையே சுற்றறிக்கை வந்தது. இனி அடி இருவருக்கும். பொத்தான் தலைமையாசிரியரிடம். மறுநாள் ஒன்பதரைக்கு, கடைசி மார்க் வாங்கிய பிள்ளையும் நானும் ஒரே பெஞ்சில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.