பதினான்கு கட்டில்கள்

“இந்தத் தரையை உடைக்கணும்” என்றேன்.

எது வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று ஜீப்பில் வரும்போதே செட்டோ மூன்று முறை சொல்லியிருந்தார். ஹாங்காங் நில அலுவலகத்தில் அவர் என் மேலாளர். இப்போது கண்களை மூடிக்கொண்டார்.

மலைமேல் இருந்த ராணுவக் குடியிருப்பின் அந்த அறையில், மேஜர் ஹார்விக் ஒரு கட்டிலில் உட்கார்ந்தபடி சிரித்தார். “எதுக்கு, மிஸ் ஃபாங்?”

“எங்க ஊர்க்காரங்க கீழ இருக்காங்க.”

இந்த மலையின் அடிவாரத்தில்தான் எங்கள் கிராமம். இறந்தவரைப் புதைத்து, ஏழு வருடம் கழித்துத் தோண்டி, எலும்பைத் துடைத்து, மண் ஜாடியில் உட்கார வைப்போம். பாதம் அடியில், முழங்கால் மடிந்து, மண்டை மேலே. மூடிய ஜாடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் வம்சத்துக்கு ஆகாது.

ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே ராணுவம் இந்த மலையை எடுத்துக்கொண்டது. ஜாடிகளைக் கீழ்ச்சரிவுக்கு மாற்றிவிட்டோம் என்று சொல்லி ஓர் ஆங்கிலத் தாளில் தாத்தாவின் கைநாட்டை வாங்கியது. முப்பத்தைந்து வருடம், மூதாதையரைக் கும்பிடும் சிங் மிங் நாளன்று அந்த ஜாடிகளுக்குத்தான் வறுத்த பன்றி படைத்தோம்.

ஊரில் முதல் பட்டதாரி நான். அலுவலகக் கோப்பில் அந்தத் தாளைப் படித்தேன். ‘புதிய ஜாடிகள் பதினான்கு. காலி.’ அப்படியானால் பழையவை இருந்த இடத்திலேயே இருக்க, மேலே தரையைப் போட்டுவிட்டார்கள்.

இந்த ஏப்ரலில் ஒரு மூடியைத் திறந்தேன். “இதுக்காடி உன்னைப் படிக்க வச்சேன்?” என்றார் அப்பா.

உள்ளே சுட்ட மண் வாசனை மட்டும்தான். எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை.

பழைய குடியிருப்பை இடித்து, சிப்பாய்களுக்கு மூன்று மாடி எழுப்பப் போகிறார்கள். மலையைத் திருப்பிக் கேட்டு ஊர் பத்து வருடமாக வழக்கு நடத்துகிறது. ‘இங்கே சடலம் எதுவும் இல்லை’ என்று ஊர்க்காரி ஒருத்தி கையெழுத்துப் போட்டால் வழக்கு முடிந்தது. அதற்குத்தான் என்னைக் கூட்டிவந்தார்கள்.

நல்ல வெயில் நேரம். அறைக்குள் மட்டும் ஈர மண் வாடை. பதினான்கு இரும்புக் கட்டில்கள், மெத்தை சுருட்டியபடி.

“இங்க ஏன் யாரும் படுக்கறதில்ல?” என்று கேட்டேன்.

வாசலில் நின்ற கார்ப்பரல் பியூ உள்ளே வரவில்லை. “நீட்டித்தான் படுப்பாங்க, மிஸ். விடிஞ்சு பார்த்தா…”

முடிக்காமல், குந்தி உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, அதன்மேல் தாடையை வைத்துக் காட்டினான்.

“பதினாலு பேரும்” என்றான்.

“உளறாத, பியூ” என்றார் மேஜர். “தரையை உடைச்சா நிலமே எங்க கைவிட்டுப் போயிடும், மிஸ் ஃபாங். படிச்சவங்களுக்கு நான் சொல்லணுமா?”

சொல்லும்போதே அவருடைய ஒரு கால் கட்டில்மேல் ஏறியது.

பிறகு இன்னொன்று.

அவர் கவனிக்கவில்லை. பளபளத்த பூட்ஸ் மெத்தையில் பதிந்தது. கைகள் முழங்காலைக் கட்டிக்கொண்டன.

“போடுங்க கையெழுத்தை.” தாடை முழங்காலில் இருந்ததால் குரல் நசுங்கி வந்தது.

பியூ சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தரைக்கடியில் மண் மூடி ஒன்று உரசும் சத்தம்.

ஒரு தடவைதான்.

அவர்கள் கொடுத்திருந்த தாளில் ‘இல்லை’ என்ற வார்த்தையைக் கோடு போட்டு அடித்தேன். ‘பதினான்கு பேர், இந்தத் தரைக்கடியில்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். இனி அது கோர்ட்டுக்குத்தான் போகும்.

“உன் வேலை போச்சு, பொண்ணு” என்றார் செட்டோ.

“தெரியும் சார். வாங்க, போகலாம்.”

“நீ போ. வரேன்.”

மேஜருக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தார். எப்போது உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. முழங்கால்கள் நெஞ்சோடு ஒட்டியிருந்தன.

பியூவைத் தாண்டி வெயிலில் இறங்கினேன். பின்னால் கட்டில்கள் கிறீச்சிட ஆரம்பித்தன, ஒவ்வொன்றாக, ஆள் உட்காரும்போது கிறீச்சிடுவதுபோல.

எண்ணிக்கொண்டே நடந்தேன்.

அந்த இரண்டு பேர் போக மீதி பன்னிரண்டும் கிறீச்சிட்டு ஓய்ந்தன. நான் நிற்கவில்லை.